‘வீட்டில் சொல்லிவிடுவேன்’: ஒரே திறன்பேசியைப் பகிரும் குடும்பங்களில் குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டின் சிற்றூர், சிறுநகரக் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே திறன்பேசியைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். குழந்தைப் பாதுகாப்புக்கென நிறுவனங்கள் அமைத்துள்ள கருவிகளும், சட்டம் வகுத்துள்ள பெற்றோர் ஒப்புதல் முறையும் குழந்தைக்குத் தனிக் கருவி, தனிக் கணக்கு, கருவியறிவு மிக்க பெற்றோர் ஆகிய மூன்றும் உண்டு என்று முன்கருதுகின்றன. இந்த இடைவெளியை இக்கட்டுரை விளக்குகிறது. இணையவழி மிரட்டல் இயங்கும் முறையை ஆராய்ந்து, குழந்தை தண்டனைக்கு அஞ்சாமல் வீட்டில் சொல்வதற்கான வழியே ஏனைய பாதுகாப்புகளுக்கு அடிப்படை என்னும் கருத்தை முன்வைக்கிறது. அவ்வாறு சொல்லப்பட்டபின் குடும்பமும் பள்ளியும் செய்யத்தக்கனவற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பகிர்வுத் திறன்பேசி, பெற்றோர் ஒப்புதல், இணையவழி மிரட்டல், போக்சோ சட்டம், சைபர் குற்றப் புகார், வகுப்பு வாட்ஸ்அப் குழு.

முன்னுரை

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை ‘பிள்ளைகளைக் கெடுக்கும் பொருள்’ எனப் பெற்றோரும் ஆசிரியரும் ஒருசேரக் கண்டித்துவந்த திறன்பேசி சில வாரங்களில் வகுப்பறையாக மாறியது. கல்வித் தொலைக்காட்சி முந்தைய ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. எனினும் வீட்டுப்பாடமும் வினாத்தாளும் வருகைப்பதிவும் வாட்ஸ்அப் குழுவின் வழியாகவே வந்தன. நகையை அடகு வைத்துத் திறன்பேசி வாங்கிய குடும்பங்கள் உண்டு. 2021இல் பள்ளிகள் படிப்படியாகத் திறக்கப்பட்ட பின்னரும் வகுப்புக் குழுக்கள் கலைக்கப்படவில்லை. விடுமுறை அறிவிப்பு முதல் தேர்வுக் கால அட்டவணை வரை இன்றும் அவற்றில்தான் வருகின்றன. ஆகவே, ‘குழந்தையிடம் போன் கொடுக்காதீர்கள்’ என்னும் அறிவுரை, அதைக் கூறும் பள்ளியாலேயே பின்பற்ற இயலாத ஒன்றாகிவிட்டது.

ஊரகக் கல்விநிலையை ஆராயும் ‘அசர்’ அறிக்கைகள் இம்மாற்றத்தின் அளவைக் காட்டுகின்றன. 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயதுடையோரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பான செயலுக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர். சமூக ஊடகம் பயன்படுத்துவோரிலும் தம் கணக்கைப் பிறர் காணாதவாறு மாற்றத் தெரிந்தவர்கள் 55.2 விழுக்காட்டினர் மட்டுமே. உடைமையைப் பொறுத்தவரை 2023ஆம் ஆண்டு அறிக்கை தரும் எண்கள் மேலும் கூர்மையானவை. 14 முதல் 18 வயதுடையோரில், திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்கும்தான் சொந்தத் திறன்பேசி இருந்தது. பயன்படுத்தத் தெரிந்தவர் பலர், சொந்தமாக உடையவர் சிலர். இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது அப்பாவின் போன், அம்மாவின் போன், அண்ணனின் போன்.

பகிர்வுத் திறன்பேசியில் மறையும் வயது

ஒரு திறன்பேசியைப் பலர் பயன்படுத்தும்போது அதனுள் இருக்கும் கணக்கு ஒருவருடையதாகவே இருக்கிறது. தந்தையின் பெயரிலுள்ள கூகுள் கணக்கில்தான் மகள் யூடியூப் பார்க்கிறாள். மகன் விளையாட்டுகளைத் தரவிறக்குகிறான். நிறுவனத்தின் பார்வையில் அங்கு இருப்பவர் 42 வயது ஆண் ஒருவர். நான்காம் வகுப்புக் குழந்தை கணக்குப்பாடக் காணொலியைப் பார்த்து முடித்ததும் அடுத்துப் பரிந்துரைக்கப்படுவது, முந்தைய இரவு தந்தை பார்த்தவற்றின் தொடர்ச்சியாக இருக்கக்கூடும். இதில் தந்தை தவறு செய்தார் என்றோ குழந்தை தேடிப்போயிற்று என்றோ கொள்ள இடமில்லை. பரிந்துரை நெறிமுறைக்கு வீட்டில் எத்தனை பேர் உள்ளனர் என்பது தெரியாது.

நிறுவனங்கள் அமைத்துள்ள பாதுகாப்புகள் அனைத்தும் வயதை அறிந்தபின் தொடங்குபவை. கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ குழந்தைக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்கிறது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்தி, 2025இல் இந்தியாவுக்கும் விரிவுபடுத்திய ‘டீன் கணக்கு’ முறை பயனுள்ளதே. கணக்கு தானாகவே பூட்டப்படுகிறது; பின்தொடராத அந்நியர் செய்தி அனுப்ப இயலாது; 16 வயதுக்குட்பட்டோர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் இசைவு வேண்டும். ஆயினும் பிறந்த ஆண்டைக் கேட்குமிடத்தில் 2001 என்று குறித்துவிட்ட எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இவற்றுள் எதுவும் கிட்டுவதில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. அதுவும் கணக்கின்மீது செயற்படும் தடையே. கணக்கு தந்தையுடையதாகவும் கை பிள்ளையுடையதாகவும் உள்ள வீட்டில் அத்தகைய தடை எவ்வளவு பயன்தரும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெற்றோர் ஒப்புதல்: சட்டமும் வீடும்

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 18 வயது நிறைவடையாதவர் அனைவரும் அச்சட்டத்தின்படி குழந்தைகளே. குழந்தையின் தரவைக் கையாளுமுன் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைப் பெறவேண்டும். குழந்தையின் நடத்தையைக் கண்காணிப்பதும் குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதக் கால அவகாசம் தரப்பட்டுள்ளது.

சட்டத்தின் நோக்கம் நன்று. அது கருதும் வீடு எத்தகையது என்பதே கேள்வி. ஒப்புதலைக் கோரும் செய்தி வரும். பெற்றோர் அதைப் படிப்பார். ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிட்டு இசைவார் அல்லது மறுப்பார் என்பது சட்டம் காணும் காட்சி. நூறுநாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ சென்று திரும்பிய தாய் தம் போனில் வந்த செய்தியை யாரிடம் காட்டிப் பொருள் கேட்பார்? பெரும்பாலும் அதே பிள்ளையிடம்தான். வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதும், ரேஷன் அட்டைக்கு ஓ.டி.பி. பார்த்துச் சொல்வதும் பல வீடுகளில் பள்ளிப் பிள்ளையின் பொறுப்பாக உள்ளன. ஒப்புதல் கேட்கப்படுபவரும் அதை அளிப்பவரும் ஒருவரேயாகிவிடும் நிலையில் சரிபார்ப்பு எவ்வளவு நுட்பமானதாயினும் வெறும் சடங்காகவே முடியும். இது சட்டத்தைக் குறைகூறுவதன்று. சட்டம் எட்டாத இடம் எது என்பதைக் காட்டுவது. அவ்விடத்தில் குழந்தையைக் காக்கக் குடும்ப உறவு மட்டுமே எஞ்சுகிறது.

மிரட்டல் இயங்கும் முறை

இணையத்தில் குழந்தைகளுக்கு நேரும் இடர்கள் பலவகைப்படும். அவற்றுள் படத்தை வைத்து மிரட்டல் தனியே நோக்கத்தக்கது. ஏனெனில் ஏனைய இடர்கள் தொழில்நுட்பத்தின் ஓட்டைகளைப் பயன்படுத்துகின்றன. இது வீட்டின் அமைதியைப் பயன்படுத்துகிறது.

இதன் படிநிலைகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒரேமாதிரியானவை. விளையாட்டுச் செயலியின் உரையாடல் பகுதியிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒத்த வயதுடையவர் போன்ற ஒருவர் அறிமுகமாகிறார். படத்தில் இருப்பவரும் பேசுபவரும் ஒருவரல்லர். சில நாள் நலம் விசாரிப்பு, பாராட்டு, ‘உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை’ என்னும் நெருக்கம். பின்னர் உரையாடல் வேறொரு செயலிக்கு நகர்த்தப்படுகிறது. அங்கு அவரே முதலில் ஒரு படத்தை அனுப்புகிறார். பதிலுக்கு ஒன்றைக் கேட்கிறார். அல்லது காணொலி அழைப்பில் நடந்ததைப் பதிவு செய்துகொள்கிறார். அடுத்த நிமிடமே பேச்சின் தொனி மாறுகிறது. குழந்தையின் நண்பர் பட்டியல், பள்ளியின் பெயர், அக்காவின் கணக்கு ஆகியன திரைப்பிடிப்புகளாக அனுப்பப்படுகின்றன. பணம் கேட்கப்படுகிறது, அல்லது மேலும் படங்கள் கேட்கப்படுகின்றன. கொடுத்தவுடன் மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் உயர்கிறது. சில வேளைகளில் படமே தேவைப்படுவதில்லை. முகநூலிலுள்ள சாதாரண முகப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு உருவாக்கிய போலிப்படமே போதுமானதாகிவிடுகிறது. மிரட்டுபவர் எப்போதும் தொலைவிலுள்ள அந்நியர் என்று கொள்வதற்கும் இல்லை. உடன் படிப்பவர், முன்பு பழகியவர், உறவினர் எனத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

பெண் குழந்தைகளே இதற்கு இலக்காவர் என்பது பொதுவான எண்ணம். பணம் பறிக்கும் வகையிலான மிரட்டலில் பெரும்பாலும் 14 முதல் 17 வயது ஆண் பிள்ளைகளே இலக்காகின்றனர் என அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ‘ஆம்பளப் பையன், அவனுக்கு என்ன வரப்போகிறது’ என்னும் வீடுகளில் அப்பையன் சொல்வதற்குரிய சொல்லே இல்லாமல் தவிக்கிறான்.

இம்மிரட்டலின் மையத்தில் ஒரே ஒரு வாக்கியம் உள்ளது: ‘உன் வீட்டில் சொல்லிவிடுவேன்.’ குற்றம் செய்தவர் தம் குற்றத்தைத் தாமே வெளியிடுவதாகக் கூறி அச்சுறுத்துகிறார் என்பது இயல்பான நிலையில் நகைப்புக்குரியது. சட்டப்படி அஞ்சவேண்டியவர் அவர். வீட்டின் வழக்கப்படி அஞ்சுவது குழந்தை. அவ்வழக்கம் குழந்தைக்கு நன்கு தெரியும். போன் பிடுங்கப்படும். அடி விழலாம். பெண்ணாயின் பள்ளிக்குச் செல்வது நிறுத்தப்படலாம். பதினெட்டு நிறைவதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கலாம். ‘ஊர் என்ன சொல்லும்’ என்னும் கேள்வி ‘உனக்கு என்ன ஆயிற்று’ என்னும் கேள்விக்கு முன்னே வந்து நிற்கும். இவற்றை எண்ணும் குழந்தை, மிரட்டுபவரைவிடப் பெற்றோரைப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறது. மிரட்டுபவரின் கையிலுள்ள ஆயுதம் படமன்று. அப்படத்தைக் கண்டால் வீடு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது பற்றிய குழந்தையின் கணிப்பேயாகும்.

இதிலிருந்து பெறப்படுவது எளியது, செய்வதற்கு அரியது. குழந்தை முன்னதாகவே வீட்டில் சொல்லிவிட்டால் ‘சொல்லிவிடுவேன்’ என்பதற்குப் பொருளில்லாமல் போகிறது. அதற்கு, எதுவும் நிகழாத ஒரு சாதாரண நாளில் பெற்றோர் ஒரு வாக்குறுதியைத் தந்திருக்கவேண்டும். ‘என்ன நடந்திருந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு; திட்டமாட்டேன், போனையும் பிடுங்கமாட்டேன்’ என்பது அதன் வடிவம். இரண்டாம் பகுதியைத் தருவதற்குப் பெற்றோர் தயங்குவர். ஆனால் அதுவே இன்றியமையாதது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைக்கும் முதல் கூலி போனை இழப்பதாயின், அடுத்த முறை குழந்தை சொல்லாது; தம்பி தங்கையரும் அதைக் கண்டு கற்றுக்கொள்வர். சிறு செய்திகளில் இவ்வாக்குறுதி சோதிக்கப்படுகிறது. விளையாட்டில் தோற்றதற்கு யாரோ திட்டினர், தெரியாமல் ஏதோ பட்டனை அழுத்தினேன் என்பன போன்றவற்றுக்குப் பெற்றோர் எவ்வாறு முகம்கொடுக்கின்றனரோ அதைக்கொண்டே பெரியதைச் சொல்லலாமா என்று குழந்தை முடிவு செய்கிறது.

குழந்தை சொன்னபின்

முதல் ஒரு மணி நேரத்தில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று செயல்கள் தீங்காக முடிகின்றன. பணம் அனுப்பி முடித்துவிடலாம் என எண்ணுவது ஒன்று. வெட்கத்தால் அனைத்தையும் அழித்துவிடுவது மற்றொன்று. மூன்றாவது, ‘சான்று’ எனக் கருதிக் குழந்தையின் படத்தை மாமாவுக்கும் ஆசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, 18 வயதுக்குட்பட்டோரின் பாலியல் படங்களை வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல்முறைக் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு பகிரப்பட்டாலும் படம் மேலும் பலரின் கருவிகளில் தங்கிவிடுகிறது.

மாறாக, மிரட்டுபவரின் கணக்குப் பெயர், அதன் இணைப்பு, தொலைபேசி எண், யு.பி.ஐ. முகவரி, மிரட்டல் செய்திகள், அவற்றின் நாள் நேரம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்தபின் அக்கணக்கைத் தடைசெய்யவேண்டும். குழந்தையின் படத்தைத் தனியே நகலெடுக்கத் தேவையில்லை. கருவியைக் காவல்துறையினரிடம் காட்டினால் போதும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கெனத் தனிப் பகுதி உள்ளது. பணம் சென்றிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் கைமாறிக்கொண்டே செல்வதால் அதை இடையில் முடக்குவதற்கு முதற்சில மணி நேரமே வாய்ப்பு மிகுதி. குழந்தைகள் உதவி எண் 1098.

படம் பரவிவிடும் என்னும் அச்சத்தைத் தணிக்க ஒரு கருவி உண்டு என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போதிய அளவு அறியப்படவில்லை. அமெரிக்காவிலுள்ள காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 முதல் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவச சேவையை நடத்திவருகிறது. 18 வயதுக்குமுன் எடுக்கப்பட்ட படமாயின் எந்நாட்டவரும் பெயர் தெரிவிக்காமலேயே பயன்படுத்தலாம். படம் கருவியைவிட்டு வெளியே செல்வதில்லை. அதன் கைரேகை போன்றதொரு எண்கோவை கருவியிலேயே உருவாக்கப்பட்டு, அது மட்டுமே பங்கேற்கும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது. அவ்வெண்கோவையுடன் பொருந்தும் படத்தை அந்நிறுவனங்கள் கண்டறிந்து நீக்க இயலும். பங்கேற்காத தளங்களையும் மறையாக்கம் செய்யப்பட்ட தனியுரையாடல்களையும் இது எட்டாது. எனினும் நள்ளிரவில் தனியே அஞ்சிக் கிடக்கும் குழந்தைக்கு, உடனே செய்யத்தக்க ஒன்று இருக்கிறது என்பதே சிறு ஆறுதல் அன்று. இந்தியாவிலும், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் இத்தகைய படங்களைப் புகார் பெற்ற 24 மணி நேரத்துக்குள் நீக்கும் கடமையை நிறுவனங்கள்மேல் சுமத்தின. போலியாக உருமாற்றப்பட்ட படங்களும் இதில் அடங்கும்.

காவல் நிலையம் என்றதும் குடும்பங்கள் பின்வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இத்தயக்கத்தை முன்னறிந்தே சில பாதுகாப்புகளை அமைத்துள்ளது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யவேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் பதிவு செய்யவேண்டும். அவர் சீருடையில் இருத்தலாகாது. எக்காரணத்தாலும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவை 24ஆம் பிரிவு தரும் உரிமைகள். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. இச்சட்டத்தின்படியான குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் புகாரளிக்கவேண்டும் என 19ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பள்ளியின் நற்பெயர் கருதி மூடிவைப்பது தலைமையாசிரியருக்கோ தாளாளருக்கோ உள்ள விருப்புரிமை அன்று. ‘போக்சோ’ என்னும் சொல் கைது நடவடிக்கைச் செய்திகளின் வழியாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. குழந்தைக்கு அது தரும் இவ்வுரிமைகள் மட்டும் தெரியாமலிருப்பது வருந்தத்தக்கது.

கருவியில் செய்யத்தக்கன

பகிர்வுத் திறன்பேசிக்கு ஏற்ற அமைப்புகள் சிலவே. ஆண்ட்ராய்டு கருவிகளில் ஒரு செயலியை மட்டும் திரையில் பொருத்தி வைக்கும் வசதி உண்டு. பாடக் காணொலியைத் திறந்து பொருத்திக் கொடுத்துவிட்டால் பூட்டு எண் தெரியாமல் அதிலிருந்து வெளியேற இயலாதவாறு அமைக்கலாம். சிறு குழந்தைக்கு இது விலைகொடுத்து வாங்கும் கண்காணிப்புச் செயலிகளைவிடப் பயனுடையது. வாட்ஸ்அப்பில் முகப்படத்தைத் தொடர்பிலுள்ளோர் மட்டும் காணுமாறும், அவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்குமாறும் மாற்றலாம். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறிலக்க எண்ணை அமைத்துவிட்டால், ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரேனும் ஏமாற்றிப் பெற்றாலும் கணக்கை எளிதில் கைப்பற்ற இயலாது. பணம் செலுத்தும் செயலிக்குத் தனிப்பூட்டு வேண்டும். அதன் பின் எண் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருத்தலாகாது.

மறைவாகக் கண்காணிக்கும் செயலிகளைப் பதின்பருவத்தினர்மேல் ஏவுவது பற்றித் தயக்கமின்றிச் சொல்லலாம். பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த நாளில் மேற்கூறிய வாக்குறுதி செல்லாக்காசாகும். நேர அளவு பற்றிய பேச்சுகளும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகின்றன. சாப்பாட்டு வேளையிலும் உறங்கும் நேரத்திலும் போன் கூடத்தில் இருக்கவேண்டும் என்னும் ஒரு விதியைப் பெரியவர்களும் பின்பற்றினால் நிலைக்கும்.

பணமும் முதியோரும்

பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை தமிழ்நாடு 2023இல் தனிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுமைக்கும் அவற்றைத் தடைசெய்தது. ஆயினும் தடைக்கு வெளியிலுள்ள விளையாட்டுகளிலும் ஆயுதம், உடை, வைரம் என வாங்கத்தக்கன உள்ளன. தந்தையின் கணக்குடன் பிணைந்த யு.பி.ஐ. அங்கும் வேலை செய்யும்.

குடும்பத்தைக் குறிவைக்கும் ஏமாற்றுகள் பிள்ளையின் பெயரைச் சொல்லியே தொடங்குவதும் உண்டு. ‘உங்கள் மகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்’ என ஓர் அழைப்பு வருகிறது. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை என்னும் ஒற்றை உண்மையை அறிந்த ஏழாம் வகுப்பு மாணவி இந்த ஏமாற்றை அந்த இடத்திலேயே நிறுத்திவிட முடியும். போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்னும் பெயர்களில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தாத்தா திறப்பதைத் தடுப்பதும், காணொலி அழைப்பில் காக்கிச்சட்டையோடு தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுபவரிடம் அஞ்சி அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பாட்டியிடம், அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்வதும் பேரப்பிள்ளைகளால் இயலும். கூர்ந்து நோக்கின், முதியோரை முடக்குவதும் அதே மிரட்டல்தான்: யாரிடமும் சொல்லாதே. பாதுகாப்பு என்பது பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு மட்டும் இறங்கிவருவதன்று. பாட்டிக்கு உதவியவளாகத் தன்னை உணரும் பெண், தனக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கும் உரிமையுடையவளாகிறாள்.

சொற்களின் பங்கு

தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பை எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளிலும் பெறும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழில் கிடைப்பது மட்டும் போதாது. விளங்கும் தமிழில் கிடைக்கவேண்டும். ‘தனிப்பட்ட கணக்கு’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் கணக்கு, பிறர் காண இயலாத கணக்கு ஆகிய இரண்டுக்கும் இத்தொடர் இடம்தருகிறது. படிக்கும் தாய் முதற்பொருளையே கொள்வார். பேச்சுவழக்கில் மக்கள் ‘லாக் பண்ணி வைத்திருக்கிறேன்’ என்கின்றனர். ‘பூட்டிய கணக்கு’ என்பது அவ்வழக்கை ஒட்டியது, மயக்கமற்றது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இத்தகைய இடங்களில் வழக்காற்றுக்கு முன்னுரிமை தருதல் நலம்.

உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23இல் அளித்த தீர்ப்பும் சொல்லைப் பற்றியதாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. குழந்தைகளின் பாலியல் காணொலியைத் தரவிறக்கித் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜனவரியில் அளித்த தீர்ப்பை அது தள்ளுபடி செய்தது. அத்துடன், ‘குழந்தை ஆபாசப்படம்’ என்னும் பொருள்படும் சொல்லை விடுத்து, சுரண்டலையும் வன்கொடுமையையும் வெளிப்படையாகக் குறிக்கும் சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தவேண்டும் எனக் கூறியது. தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘ஆபாசப்படம் அனுப்பிய மாணவி’ என எழுதும்போது பழி யார்மேல் விழுகிறது என்பதை இதனுடன் ஒப்பிட்டு உணரலாம். அத்தலைப்பை வீட்டில் அப்பா உரக்கப் படிப்பதைக் கேட்ட பெண் தன் செய்தியை அவரிடம் கொண்டுசெல்வது கடினம்.

பள்ளியும் வகுப்புக் குழுவும்

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவினரில் பாதிப்பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அக்குழுக் கூட்டத்திலேயே இப்பொருளையும் எடுத்துக்கொள்ளலாம். சொற்பொழிவு வேண்டியதில்லை. தாய்மார் தங்கள் போன்களைக் கையில் எடுத்து, இரட்டைச் சரிபார்ப்பு, குழுவில் சேர்க்கும் அனுமதி, செயலிப் பூட்டு ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் உதவியோடு அங்கேயே அமைத்துக்கொள்ள அரைமணி நேரம் போதும். பிள்ளைகள் கற்பிப்போராகவும் பெற்றோர் கற்போராகவும் அமரும் அவ்வரைமணி நேரத்தில், போனைப் பற்றி இருவரும் சண்டையின்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கிறது.

பள்ளி முதலில் சரிசெய்யவேண்டியது தன் சொந்த வகுப்புக் குழுவை. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் நாற்பது குடும்பங்களின் எண்களும் முகப்படங்களும் அனைவருக்கும் தெரிகின்றன. அம்மாவின் எண்ணே மகளின் எண்ணாகவும் உள்ள வீடுகளில், அக்குழுவிலுள்ள எவரும் எந்த மாணவியையும் நேரே அணுகலாம் என்பதே இதன் பொருள். நாற்பது போன்களும் நாற்பது பேரின் கையில் மட்டும் இருப்பதில்லை. அண்ணன்மார், சித்தப்பாமார், வாடகைக்குக் குடியிருப்போர் எனப் பலர் கைக்கும் போகின்றன. வாட்ஸ்அப்பின் ‘கம்யூனிட்டி’ அமைப்பிலுள்ள அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் பிற உறுப்பினருக்கு மறைக்கப்பட்டிருக்கும். நிர்வாகியான ஆசிரியர் மட்டுமே செய்தியிட இயலும். வீட்டுப்பாடம் அனுப்ப அதுவே போதும். இம்மாற்றத்துக்குச் செலவில்லை, அரசாணையும் தேவையில்லை. மாணவியர் ஆண்டுவிழாவில் ஆடிய படங்களைப் பெயரும் வகுப்பும் குறித்துப் பள்ளியின் பொதுப் பக்கத்தில் இடும் வழக்கத்தையும் ஆசிரியர்கள் அப்போதே நிறுத்திவிடலாம்.